விரதமில்லாத நாக்கு

ஜூன் மாதத்தில் கிரான்ஃபோர்ஷ் ஊரில் சூரியன் தூங்கப் போவதில்லை. காட்டுக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு உடனே திரும்பி வந்துவிடும். அந்த மாதத்துக் கொசுக்களைப் பற்றி ஊரார் சொல்லும் எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. ஒரு கொசு பீட்சாப் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தது என்பது மட்டும் உண்மை. ஏனென்றால் அது லபீப் கடைப் பெட்டி. அக்கரை மர அறுவை ஆலைக்காரர்கள் பெட்டி காலியாகத்தான் வந்து சேர்ந்தது என்று சத்தியம் செய்கிறார்கள்.

கடையின் பெயர் நைல். எகிப்தில் மின்யா பக்கம் பிறந்த லபீப், சுவீடனின் வடக்கே, வருஷத்தில் ஆறு மாதம் பனிக்குள் புதைந்து கிடக்கும் இந்த ஊரில் அதைத் திறந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. திறந்த முதல் வாரம் ஒரு லாரிக்காரர் வந்து, பீட்சாவில் வாழைப்பழமும் மஞ்சள் மசாலாத் தூளும் போடச் சொன்னார். புது ஆளைக் கேலி பண்ணுகிறார் என்று லபீப் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து லபீபும் சிரித்ததில்லை. வாழைப்பழத்தைத் தார்தாராக வாங்கி வைக்கிறான்.

லபீபின் கஷ்டம் வாழைப்பழம் அல்ல. அவனும் அவன் மனைவி இன்சாஃபும் காப்டிக் கிறிஸ்தவர்கள். வருஷத்தில் பாதிக்கு மேல் விரதம். விரத நாளில் பாலும் வெண்ணெயும் இறைச்சியும் நாக்கில் படக்கூடாது. பாலாடைக்கட்டியை மலையாகத் துருவி, இறைச்சிக் குழம்பைக் கொப்பரையில் காய்ச்சி விற்கிற மனிதன் அதில் ஒரு சொட்டை ருசி பார்க்க முடியாது என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்?

கூன்வோரால் நடந்தது.

கூன்வோர் ஊர்த் தேவாலயத்தின் காவல்காரி. எழுபத்தொரு வயது, ஆணி அடித்த மாதிரி நடை, இடுப்பில் சாவிக் கொத்து. நாற்பது வருஷமாகத் தேவாலயத்தைப் பெருக்கித் துடைக்கிற அவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. யாராவது கேட்டால், "கடவுள் இருக்காரோ இல்லையோ, தூசி இருக்கு" என்பாள். விரத நாட்களில் வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு வந்து, குழம்புக் கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடித் தீர்ப்புச் சொல்வது அவள் வேலை. "உப்பு கம்மி. மிளகு எங்கே போச்சு? இது தேவலாம்." அவள் நாக்கு அப்படிப்பட்டது. பக்கத்து ஊரில் யார் வீட்டிலாவது சூப்பில் உப்பு கூடிப்போனால் இங்கே அவள் முகம் சுளிக்கும். 'ஆமாம்' என்று சொல்வதற்கு அவள் வாயைத் திறக்கமாட்டாள். அந்தப் பக்கத்து மனிதர்கள் எல்லோரையும் போலச் 'ஸ்ஸுப்' என்று காற்றை உள்ளே இழுப்பாள். ஆரம்பத்தில் லபீப் அவளுக்கு மூச்சுத் திணறல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"விரதம் இல்லாத நாக்கு ஒண்ணு பக்கத்துல இருக்கிறதும் ஆண்டவன் குடுத்த வரந்தான்" என்பாள் இன்சாஃப்.

"அவரு எனக்குத் தரலையே. நாக்கு எங்கம்மா குடுத்தது" என்பாள் கூன்வோர்.

கணவனும் மனைவியும் கடைக்கு மேலேயே குடியிருந்தார்கள். மகன் கிர்கிஸ் கனடாவில். பக்கத்தில் இருக்கும் காப்டிக் தேவாலயம் எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்டாக்ஹோமில். முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காரை எடுத்துக்கொண்டு போய்ப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்கி வருவார்கள். இன்சாஃபின் இதயத்தில் ஒரு வால்வு மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு அதுவும் நின்றது. தொலைக்காட்சியில் கெய்ரோ பூசை வரும். முக்காடு போட்டு முன்னால் நின்று பார்ப்பாள். பூசை முடிந்ததும் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். திரை யார் வாயிலும் அப்பத்தை வைப்பதில்லை. இப்படியே பதினெட்டு மாதம் போயிற்று.

டாக்டர் உப்பை அறவே நிறுத்தச் சொல்லி எட்டு மாதம். இன்சாஃபுக்கு உப்பில்லை என்றால் தனக்கும் இல்லை என்று லபீபும் சேர்ந்து நிறுத்திவிட்டான். வீட்டில் சமையல் அவன்தான். கீரையும் பருப்பும் கொதிக்கும்போது இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கத்தில் கை தானாக உப்பு ஜாடிக்குள் போய்விடும். கைப்பிடி உப்போடு பாத்திரத்துக்கு மேலே வரும்போதுதான் நினைவு வரும். ஒருமுறை எடுத்த உப்பை மறுபடி ஜாடியில் போடக்கூடாது என்பது அவன் அம்மா போட்ட சட்டம். அப்படியே சட்டைப் பையில் போட்டுவிடுவான்.

"ஏ மனுசா, நான் கட்டிக்கிட்டது பீட்சாக்காரனையா, கருவாட்டுக்காரனையா?" என்று துணி துவைக்கும்போது இன்சாஃப் கத்துவாள். "பையெல்லாம் உப்பு! மிஷினு துருப்பிடிச்சுச் சாகப்போவுது. பால்டிக் கடல்ல கூட இவ்வளவு உப்பு கிடையாது."

"அப்ப நீயே சமையேன்."

"சமைச்சா உனக்கு நல்ல பேரு எப்படி வரும்?"

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஜூன் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அதைக் கேட்டபோது இன்சாஃப் அழவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே, "நெஞ்சத் தொறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தரம் நற்கருணை வாங்கிட்டா போதும். அப்புறம் அவங்க எதை வேணா எடுக்கட்டும், எதை வேணா வைக்கட்டும்" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அதுதான் லபீபைக் கலக்கியது. சண்டை போடாத இன்சாஃபை அவன் முப்பத்தோரு வருஷத்தில் பார்த்ததே கிடையாது.

ஸ்டாக்ஹோமுக்குப் போன் போட்டான். அபூனா யுஸ்தூஸ் நல்ல சாமியார். வடக்கே இருக்கிற நாலு ஊர் ஆட்களுக்கும் அவர்தான் அபூனா, எல்லோருக்கும் தகப்பன். வருகிற சனிக்கிழமை வருகிறேன், அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்னால், என்றார். காலை எட்டேகாலுக்குப் பூசை. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தே ஆகவேண்டும். அடுத்த ஊரில் சீக்காளிக் குழந்தை ஒன்றுக்கு மாலையில் ஞானஸ்நானம், அதைத் தள்ளிப்போட முடியாது.

"குர்பான் அப்பத்துக்கு என்ன செய்யலாம் அபூனா?" என்று லபீப் கேட்டான். பூசைக்கு வைக்கும் அப்பம் அன்று காலை சுட்டதாக இருக்கவேண்டும். ஸ்டாக்ஹோமிலிருந்து தூக்கி வந்தால் முந்தின நாள் அப்பம்.

"உங்க அப்பா ஊர்க் கோயில்ல அதுதானே சுட்டாரு? நீ சுடு."

"நானா?"

"மாவு, தண்ணி, புளிச்ச மாவு. சங்கீதம் சொல்லிக்கிட்டே பிசை. உப்பு போடாதே. அவ்வளவுதான் லபீபு."

போனை வைத்த பிறகு லபீப் வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வாழைப்பழம் போட்ட கைகள்.

மூன்று நாள் அடுப்பைத் தேய்த்தான். புதுத் தட்டுகள், புதுத் துணி. ஊரில் அந்த மூன்று நாளும் பீட்சா கிடையாது. ஆலைக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். தேய்த்த தேய்ப்பில் அடுப்புக்குள் பார்த்து ஒருவன் முகச்சவரம் செய்துகொண்டான் என்று சொல்கிறார்கள். ஊர்த் தேவாலயத்தைக் கூன்வோர் திறந்துவிடுவதாகச் சொன்னாள்.

"சாம்பிராணி போடுவீங்களா?"

"நிறைய."

"அப்ப புகை மணியோட பேட்டரிய நான் கழட்டிடுறேன். போன வருஷம் கல்யாணத்துல யாரோ மெழுகுவத்திய ஊதினதுக்கே தீயணைப்பு வண்டி வந்துருச்சு."

சனிக்கிழமை காலை மூன்று மணிக்கு, ஊருக்கெல்லாம் பொன்னிறமாய் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது, லபீப் கடைக்குள் தனியாக நின்று மாவு பிசைந்தான். முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவில்லை. நற்கருணை வாங்குகிறவர்கள் யாருக்கும் அதுதான் கட்டளை. வாய் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே போயிற்று. ஒன்று முடிந்தால் அடுத்தது. சமையல் ஏப்ரனை இடுப்பில் கட்டியிருந்தான். தானாகவே கைகள் மாவுக்குள் போய்ப் போய் வந்தன. எந்த இடத்தில் என்று தெரியாது, திடீரென்று கடையில் தான் மட்டும் இல்லை என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது, ஆனால் ஓடத் தோன்றாத பயம். ஆற்றுப் பக்கத்துச் சன்னலில் வெயில் விழுந்து மாவு பாலைப்போல் வெளுத்திருந்தது. எத்தனை சங்கீதம் சொன்னான், எவ்வளவு நேரம் பிசைந்தான் என்று பிறகு கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று மணி நேரம் மாவு எழும்பிற்று. ஏழு உருண்டை. அபூனா தபாலில் அனுப்பிய மர முத்திரையால் ஒவ்வொன்றின் நெற்றியிலும் நடுச் சிலுவையும் சுற்றிலும் பன்னிரண்டு சிலுவையும் பதித்து, ஐந்து துளை போட்டு, சுட்டு எடுத்தான். ஏழும் ஏழு முழு நிலவு. துணி விரித்த கூடையில் அடுக்கி, ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டி, நல்ல சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கூடையும் மறு கையில் இன்சாஃபுமாகத் தேவாலயத்துக்கு நடந்தான். முந்நூறு அடி தூரம். இன்சாஃப் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"கூடைய ஆட்டாதே. குழந்தைய வச்சிருக்கிற மாதிரி வச்சுக்க" என்றாள்.

"கிர்கிஸைக் கூட நீ இப்படிப் பாத்துக்கலை."

"அவன் உடையமாட்டான்."

தேவாலயத்தில் அபூனாவும் அவரோடு வந்த பாடகரும் தயாராக இருந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து மூன்று எரித்ரியக் குடும்பங்கள் வெள்ளை முக்காட்டோடு வந்திருந்தன. அவர்களும் இதே விரதம், இதே விசுவாசம். எல்லாம் சேர்த்து இருபது பேர். மணி எட்டு. லபீப் கூடையை மேசைமேல் வைத்தான், கோட்டைக் கழற்றினான். அப்போது சட்டைக் கையின் மடிப்பைப் பார்த்தான்.

வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மாவாக இருக்கும் என்று தட்டினான். போகவில்லை. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்தான். மாவு நெறுநெறுக்காது. இது நெறுநெறுத்தது.

கடையில் அவன் வாங்கும் கல் உப்பு அது.

மாவு பிசையும்போது கை ஜாடிக்குள் போயிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக எந்த மாவைப் பிசைந்தாலும் எந்த இடத்தில் போகுமோ அந்த இடத்தில் போயிருக்கிறது. லபீபுக்கு முதுகுத் தண்டில் ஆற்றுத் தண்ணீர் ஊற்றினாற்போல் ஆயிற்று. ஒரு கணம் உப்பைத் தட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கலாமா என்று மனசு கேட்டது. திரும்பிப் பார்த்தான். முதல் வரிசையில் இன்சாஃப் முக்காடிட்டு, குளித்துவிட்டு வந்த குழந்தைபோல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பொய்யைக் கொடுப்பதா?

அவள் பக்கத்தில் போய்க் குனிந்தான். "கிர்கிஸ் அம்மா, நான் மாவுல உப்பு போட்டுட்டேன்னு நெனக்கிறேன்."

இன்சாஃப் முக்காட்டை விலக்கினாள். "நெசமா போட்டியா, இல்ல போட்டேன்னு நெனக்கிறியா?"

"கை போயிருக்கு. சட்டையில இருக்கு பாரு. ஆனா போட்டது ஞாபகமில்லை."

"சங்கீதம் சொன்ன வாயிக்குத் தெரியலையா?"

"வாய் சங்கீதத்துல இருந்துச்சு. கை கடையில இருந்துச்சு."

அவள் திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைக்கு அடியிலிருந்து ஒரே ஒரு சொட்டு வந்தது. திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

அபூனாவிடம் சொன்னார்கள். அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உப்பு இருந்தா வைக்க முடியாது லபீபு. அது என் கையில இல்லை."

"புது மாவு பிசையட்டுமா?"

"பொங்க எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம். அப்புறம் சுடணும்."

"பூசைக்கு ரெண்டரை மணி நேரம் ஆகும். பஸ்ஸு பன்னெண்டுக்கு." கணக்கைச் சொல்லிவிட்டு அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு வேளை போடாம இருந்தா?" என்றார் பாடகர். "ருசி பாத்தா தெரிஞ்சிரும்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது பேர், இருபது வாய், இருபதும் முந்தின இரவிலிருந்து விரதம். ஒரு துணுக்கை வாயில் வைத்தவர் அன்று நற்கருணைக்குப் போக முடியாது. அபூனா வைத்தால் பூசையே இல்லை. எரித்ரியத் தாயின் இடுப்பிலிருந்த இரண்டு வயதுப் பெண் கூட நற்கருணை வாங்க வந்தவள். காலையிலிருந்து பாலுக்கு அழுது, ஓய்ந்து, தூங்கிவிட்டாள்.

"நான் பாக்கிறேன்" என்றான் லபீப். "எனக்கு வேண்டாம். அவளுக்குக் கெடைச்சாப் போதும்."

இன்சாஃப் கண்ணைத் திறந்தாள். "ரெண்டு பேரும் சேந்து வாங்கத்தானே வந்தோம்? நீ வாங்கலைன்னா எனக்கும் வேண்டாம். உப்பையே சேந்துதான விட்டோம்!"

"பிடிவாதம் பிடிக்காதே."

"முப்பத்தோரு வருஷமா வேற என்னத்தப் பிடிச்சேன்?"

அப்போது பின்கதவு கிறீச்சிட்டது. சாவிக் கொத்துச் சத்தம். ஒரு கையில் துடைக்கும் துணியும் மறு கையில் புகை மணியின் பேட்டரியுமாகக் கூன்வோர் உள்ளே வந்தாள். இருபது தலையும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

"என்ன? பலியாட்டைப் பாக்கிற மாதிரி எதுக்கு எல்லாரும் என்னையப் பாக்கிறீங்க?"

லபீப் அவள் பக்கம் ஓடினான். "கூன்வோர், காலையில ஏதாவது சாப்பிட்டியா?"

"காப்பி. ரெண்டு ரொட்டி. மீன் முட்டைப் பசை. ஏன், சாப்பிடக்கூடாதா?"

பட்டினி கிடக்கும் இருபது பேர், ஒருத்தி வயிறாரச் சாப்பிட்டாள் என்று கேட்டு அவ்வளவு மகிழ்ந்தது உலகத்தில் எங்கும் நடந்திருக்காது. பாடகர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அபூனா லபீபின் காதில் சொன்னார்: "எது வேணும்னு சொல்லிராதே. ருசி எப்படின்னு மட்டும் கேளு. அவ வாயில எது வருதோ வரட்டும்."

லபீப் கூடையிலிருந்து ஒரு அப்பத்தை எடுத்து, ஓரத்தைப் பிட்டுக் கொடுத்தான். "ருசி சொல்லு. வெள்ளிக்கிழமை சொல்ற மாதிரி."

கூன்வோர் அப்பத்தைத் திருப்பிப் பார்த்தாள், மோந்தாள், வாயில் போட்டாள், கண்ணை மூடினாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். சுவர்க் கடிகாரம் ஒவ்வொரு நொடியையும் சுத்தியலால் அடித்தது. கொசுக்கள் கூடச் சன்னல் கண்ணாடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. வருஷக்கணக்காகத் தன் குழம்புக்குத் தீர்ப்புச் சொன்ன அந்த மூடிய கண்களைப் பார்த்தபடி லபீப் நின்றான். இந்த உலகத்தில் தன் மனைவியின் அமைதி முழுவதும், எதையும் நம்பாத ஒரு கிழவியின் நாக்கில் போய் உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்தான்.

கூன்வோர் கண்ணைத் திறந்தாள். "லபீப், உனக்கு உடம்பு சரியில்லையா?"

"ஏன்?"

"ஏனா? மூணு நாளாக் கடைய மூடி வச்சு இதையா சுட்டே? சுவத்துல காகிதம் ஒட்டுற பசை மாதிரி இருக்கு. சப்புன்னு. ஒரு கல்லு உப்பு கூட இல்லையே இதுல!"

"ஒரு கல்லு கூடவா?" என்றார் அபூனா.

"நீயே தின்னு பாரு" என்றாள் அபூனாவைப் பார்த்து. அந்த ஊரில் ராஜாவையும் நீ என்றுதான் சொல்வார்கள்.

"நிச்சயமா, கூன்வோர்?"

'ஸ்ஸுப்' என்று காற்றை உள்ளே இழுத்தாள்.

அந்த மூச்சு, தேவாலயத்தில் அதுவரை யாரும் சொன்ன எந்த ஆமென்னையும்விடப் பெரியதாக லபீபுக்குக் கேட்டது. இன்சாஃப் எழுந்து தள்ளாடி வந்து கூன்வோரின் இரண்டு கையையும் துடைக்கிற துணியோடு சேர்த்துப் பிடித்து முத்தமிட்டாள். எரித்ரியப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். கூன்வோர் இரண்டடி பின்வாங்கினாள்.

"ரொட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்றேன், இவங்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?"

"எத்தனை மிச்சம்?" என்றார் அபூனா.

"ஆறு."

"ஆறு ஆகாது. ஒத்தைப்படையா இருக்கணும். இன்னொண்ணையும் அந்தம்மாவுக்கே குடு."

"இது என்ன தண்டனையா?" என்றாள் கூன்வோர். ஆனால் வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பண்டத்தைத் தூக்கிப் போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

எட்டேகாலுக்குப் பூசை தொடங்கியது. ஐந்து அப்பத்தையும் அபூனா முன்னால் நீட்டினார்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, விளிம்பைத் தடவி, மாசு இருக்கிறதா என்று பார்த்தார். நாலாவதில் கை நின்றது. அதைத் துணியில் ஏந்தித் தலைக்கு மேல் தூக்கியபோது, காலை வெயில் சன்னல் வழியே நேராக வந்து அதன்மேல் விழுந்தது. தன் கடை அடுப்பில் வெந்தது அது. ஆனாலும் தான் சுட்டது என்று அதை லபீபால் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். தாளமும் முக்கோண மணியும் சேர்ந்து ஒலித்தன. வெள்ளை மரச் சுவர்களுக்குள் அந்தப் பழைய மொழி, மணல் காட்டிலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்தும் களைப்பில்லாமல், ஏறி ஏறி இறங்கியது. சாம்பிராணிப் புகை உத்தரத்தில் போய்க் கூடியது. புகை மணி வாயைத் திறக்கவில்லை.

நற்கருணைக்கு இன்சாஃப் யாரையும் பிடித்துக்கொள்ளாமல் நடந்தாள். முந்நூறு அடிக்கு நான்கு முறை நின்றவள், இருபதடியை நிற்காமல் போனாள். வாங்கிக்கொண்டு, வாயை வெள்ளைத் துணியால் மூடி, திரும்பினாள். துணிக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. கல்யாணத்தன்று கூட அந்தக் கண்களை லபீப் அப்படிப் பார்த்ததில்லை. தன் முறை வந்ததும் முழங்கால் மடங்க மறந்து நின்றுவிட்டான். பாடகர்தான் தோளைத் தொட்டார்.

கூன்வோர் போகவில்லை. கடைசி வரிசையில் மெழுகுவர்த்தித் தண்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டரை மணி நேரமும் அதே தண்டு. முடிவில் அபூனா ஆசீர்வாதத் தண்ணீரை வாரி எல்லோர் முகத்திலும் வீசியபோது அவள்மேலும் ஒரு கை விழுந்தது. துடைக்கும் துணி கையிலேயே இருந்தும் அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் அபூனாவை ஏற்றிவிட்டு மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். இன்சாஃப் சன்னலோரம் உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் வெயிலா வேறா என்று தெரியவில்லை.

"செவ்வாக்கிழமை என்ன, திங்கக்கிழமையே வரச் சொன்னாலும் போவேன்" என்றாள். பிறகு, பழைய இன்சாஃப் திரும்பி வந்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக, "தரையப் பாரு, மாவு. யாரு பெருக்குவாங்க, உங்கப்பாவா?" என்றாள்.

லபீபுக்கு அந்தத் திட்டு தேனாக இருந்தது. ஆனால் மனசில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. மேசைமேல் உப்பு ஜாடி திறந்து கிடந்தது. உப்பின் நடுவில் ஒரு கைப்பிடி அளவுக்குப் பள்ளம். எடுத்திருக்கிறான். சந்தேகமே இல்லை. எடுத்த உப்பு அப்பத்தில் இல்லை. அப்படியானால் எங்கே?

கூன்வோர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து தன் பங்கு அப்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "சூப்பு ஏதாவது வை. அதுக்கு முன்னாடி கொஞ்சம் உப்பு குடு. அதில்லாம இது தொண்டையில எறங்காது."

"இரு" என்று லபீப் ஆணியிலிருந்த ஏப்ரனை எடுத்து மாட்டினான். கனத்தது. முன்பக்கப் பை தொங்கியது. கையை விட்டான்.

கைப்பிடி நிறைய உப்பு.

கை ஜாடியிலிருந்து எடுத்திருக்கிறது, மாவுக்கு மேலே வந்திருக்கிறது, அங்கே நின்றிருக்கிறது, பைக்குள் போயிருக்கிறது. எட்டு மாதமாக மேல் வீட்டு அடுப்பில் ஒவ்வொரு நாளும் எப்படி நின்றதோ, அப்படி. அவன் சொல்லாமல், அவனுக்குத் தெரியாமல். இந்த மாவு யாருக்கு என்று கைக்குத் தெரிந்திருக்கிறது.

"என்னய்யா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றாள் இன்சாஃப்.

அவன் கையை வெளியே எடுத்து, விரல்களைத் திறந்து அவள் முன்னால் நீட்டினான். உள்ளங்கையில் உப்பு மினுங்கியது. இன்சாஃப் உப்பைப் பார்த்தாள், ஏப்ரனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்த நேரம் அந்த ஊர்ச் சரித்திரத்திலேயே நீளமானது. ஆறு கூட ஒரு நிமிஷம் ஓடாமல் நின்றதாக ஆலைக்காரர்கள் சொல்கிறார்கள்.

கடைசியில், மெதுவாக, அவனுடைய திறந்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"மிஷினு துருப்பிடிச்சா பிடிக்கட்டும்" என்றாள். "இனிமே திட்டமாட்டேன்."

"செவ்வாக்கிழமைக்கு அப்புறமுமா?"

"அதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

கூன்வோருக்கு ஒன்றும் புரியவில்லை. பசி மட்டும் இருந்தது. எட்டி, அவர்கள் இருவரின் கைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்தாள். அப்பத்தின்மேல் தூவி, கடித்து, கண்ணை மூடினாள்.

"இப்ப தேவலாம்" என்றாள்.